தெளிவில்லாத குரல்

வரலாற்று டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் அறையில் அவள் நாற்காலிக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள்: ஏழாம் வகுப்புப் பெண், அவளுடைய அம்மா, கழுத்தில் கட்டோடு அப்பா.

அப்பா பஸ் டிரைவர். தொண்டையில் புற்று வந்து, போன வாரம் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி அவரால் பழையபடி பேசவே முடியாது.

"இவர்கிட்ட இருந்தது பட்டன் போன், டீச்சர். இவர் குரல்னு வீட்டுல ஒண்ணுமே இல்ல," என்றாள் அம்மா. "ஸ்கூல் ப்ராஜெக்டுக்குன்னு இவ அப்பாவ முக்கால் மணி நேரம் பேச வச்சாளே, அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஊரில் வெள்ளம் வந்த நாளைப் பற்றிப் படம், வரைபடம், குரல் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வீடியோ செய்யச் சொல்லியிருந்தாள் டீச்சர். பஸ் கூரைமேல் நாற்பது பேரை ஏற்றிக் காப்பாற்றிய கதையை அப்பா சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு இந்த டீச்சர் மகராசி என்ன சொன்னாள்? "ஒரே கரகரப்பா இருக்கு, தெளிவில்ல. நீயே உன் குரல்ல படிச்சுப் பதிவு பண்ணிடு." அதோடு விட்டாளா? கம்ப்யூட்டரில் இடமில்லை என்று பழைய பதிவுகளை அழிக்கச் சொன்னதும் அவளேதான். மூலப் பதிவைக் காப்பாற்றுவதே வரலாற்றின் முதல் வேலை என்று வகுப்பில் முழங்கிய அதே வாய்!

பென் டிரைவ், மெயில், அழித்த கோப்புகளின் குப்பைத் தொட்டி என்று சல்லடை போட்டுத் தேடினாள். ஒன்றும் இல்லை.

"பதிவு பண்ண ஸ்கூல் ரெக்கார்டர் குடுத்தேனே, அது எங்கம்மா?"

"அடுத்த குரூப் அதுமேலயே பதிவு பண்ணிட்டாங்க, டீச்சர்," என்று அழுதாள் பெண்.

பாழாய்ப்போன தெளிவு! அந்தக் கரகரப்பு எதனால் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? டீச்சருக்குத் திரும்பி அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மதிப்பெண் தாள்களைப் புரட்டினாள். அந்தப் பெண்ணின் தாளில் டீச்சர் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: 'முடிவில் தேவையில்லாத பகுதி. இரண்டு மதிப்பெண் குறைவு.'

அந்தப் பெண் செய்து கொடுத்த வீடியோவைத் திறந்து கடைசிக்குத் தள்ளினாள். பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுத்தது. பார்ப்பவர்கள் சிரிக்கட்டும் என்று பெண் ஒட்டவைத்திருந்த ஒரு துண்டு, நான்கே நொடி.

"என்ன குட்டிம்மா, ஆன் ஆயிடுச்சா? அப்பா பேசலாமா?"

அம்மா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். நான்காம் முறை அந்தக் குரல் கேட்டதும், பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆயிடுச்சுப்பா. பேசுங்க."