தனேஸ்வரன் தரைக்குள் இறங்கிய விவரம்

தீபாவளி முடிந்த மறுவாரம், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியில், தனேஸ்வரன் தன் கூடத்துச் சிமெண்ட் தரைக்குள் முழங்கால்வரை இறங்கினார். கீழ்வீட்டு உடையப்பன் விளக்கைப் போட்டபோது தன் கூரையில் இரண்டு பாதங்கள் தொங்கக் கண்டு, காற்றாடியைக் கழற்றிச் சுவரோரம் மாட்டிக்கொண்டார். தீயணைக்கும் போம்பாக்காரர்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள். உடைத்தால் மாடியே சரிந்துவிடும் என்று சொல்லி, கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சூனியம் என்றது ஊர்.

கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த தனேஸ்வரனுக்குப் பேச்சு குறைந்து ஒரு வருடமாகியிருந்தது. மனைவி புஷ்பலதா அதைக் களைப்பு என்றாள். கிளினிக் டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை மட்டும் போதாது, ஈப்போவில் இருக்கும் மனநல ஆலோசகர் சுவர்ணாவிடம் போய் மனம்விட்டுப் பேச வேண்டும் என்றார். கால் புதைந்தவர் எப்படிப் போவார்? புஷ்பலதா போனாள்.

இதில் அவளைக் குறை சொல்வதற்கில்லை. செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அங்கே சாமியாடியிடம் போனால் நோய் கண்டவர் வாய் திறக்கக்கூடாது. அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார், வீட்டார்தான் குறையைச் சொல்வார்கள். தோட்டம் போய் அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, அந்த வழக்கம் மட்டும் அவள் நாக்கில் தங்கிவிட்டது. மாமனாரின் குடியைச் சொன்னாள், தோட்டம் மூடியதைச் சொன்னாள், நாத்தனாரின் பொறாமையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வாய்க்கு ருசியாகவும் இருந்தது. வீடு திரும்பினால் கணவர் தொடைவரை இறங்கியிருந்தார், அடுத்த முறை இடுப்புவரை. சொன்னது போதவில்லை போலும் என்று அவள் இன்னும் சொன்னாள்.

சுவர்ணா யாழ்ப்பாண வழிவந்தவர், பொறுமைசாலி. அவருக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. "அவரைப் பற்றி எல்லாம் சொல்லிப்போட்டீங்கள். எனக்கு அவரைத் தெரியேல்லை" என்று சொல்லி நேரே வீட்டுக்கு வந்தார். அதற்குள் தரை தாடையைத் தொட்டிருந்தது. சுவர்ணா குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்துக் கேட்டார்.

"உங்களுக்கு எப்பிடி இருக்குது, தனேஸ்வரன்?"

"அவருக்குத் தூக்கமே இல்ல மிஸ்" என்றாள் புஷ்பலதா.

தரை மெல்ல விழுங்கியது. சிமெண்ட் கீழுதட்டுக்கு வந்தது. இன்னும் ஒரு பதில், அந்த வாய் அடைபட்டுவிடும். மூவருக்கும் அது புரிந்தது.

"நீங்கள் கீழ்வீட்டிலை போய் இருங்கோ. அவர் கதைக்கட்டும்."

"நான் சொல்லலைன்னா யாரு லா சொல்றது?" என்று அழுதாள். ஆனாலும் போனாள்.

உடையப்பன் வீட்டில், தன் மார்புயரத்துக்குத் தொங்கிய பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தன. வெகுநேரம் கழித்துக் கட்டைவிரல் ஒன்று அசைந்தது. மேலே அவர் பேசியிருந்தார்: "காலையில எந்திரிக்கவே புடிக்கல. ஏன்னு எனக்கே தெரியல." அவ்வளவுதான். அதில் அப்பனும் இல்லை, தோட்டமும் இல்லை, நாத்தனாரும் இல்லை. இதற்கா ஒரு மனிதன் புதைவான் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

சுவர்ணா வாராவாரம் வந்தார். தனேஸ்வரன் தைப்பூசத்துக்குள் மார்பு தெரிய எழும்பினார், சீனப் பெருநாள் கழிந்து இடுப்பு. அந்த நேரங்களில் புஷ்பலதா கீழே நின்று பாதங்களைப் பிடித்திருந்தாள், அவை எட்டாத உயரம் போனதும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறிப் பிடித்தாள். கடைசியில் அவை அவள் கைக்குள்ளிருந்து நழுவிக் கூரைக்குள் மறைந்தன. சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு இறங்கினாள். இறங்கிய கால் அப்படியே உடையப்பன் வீட்டுத் தரைக்குள் போயிற்று.

தனேஸ்வரன் படியிறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புஷ்பா, உனக்கு என்ன? நீ சொல்லு."

அவள் யோசித்தாள். எல்லாரையும் பற்றிச் சொல்ல அவளிடம் ஏராளம் இருந்தது. தன்னைப் பற்றி ஒன்று தேடினாள். பாவம், எங்கே வைத்தோம் என்றே தெரியாத சாவியைத் தேடுகிறவள் போலிருந்தாள்.

"நீங்க மாத்திரை போட்டீங்களா?" என்றாள். தரை அவளைக் கெண்டைக்கால்வரை வாங்கிக்கொண்டது.

இப்போதெல்லாம் அவர் ஷிப்ட் முடிந்ததும் அங்கேதான் வருகிறார், அதையே கேட்கிறார். அவள் அவர் சாப்பிட்டாரா என்று கேட்கிறாள். அவள் இடுப்புவரை வந்தாயிற்று. உடையப்பன் மனைவி பிரமிளா வீடு கூட்டும்போது இருவரையும் சுற்றிக் கூட்டுகிறாள்.