உம் சயீத் என்று கூப்பிட்டாள்

சத்வா என்ற பழைய குடியிருப்பில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள் ஹெஸ்ஸாவும் அஃப்ராவும். ஹெஸ்ஸாவின் மகன் சயீதுக்குத் தொழிலில் கை ஓங்கியதும் அந்தக் குடும்பம் முதலில் வசதியானவர்கள் வாழும் ஜுமேராவுக்குப் போனது. பிறகு கடலை நிரப்பிக் கட்டிய பனைமர வடிவத் தீவுக்கு. தீவுக்குள் நுழைய ஒரு கேட், தெருவுக்கு ஒரு கேட், வீட்டுக்கு ஒரு கேட். பின்வாசலில் கடலே வந்து நின்றது. பேச்சுக்குத்தான் ஆளில்லை. முதல் வருடம் முழுக்க வேலைக்காரியிடம் பேசியே ஹெஸ்ஸா பொழுதைக் கழித்தாள்.

அதனால், பக்கத்து வில்லாவின் உம் காலிதும், அதாவது காலிதின் அம்மாவும், இன்னும் மூன்று பெண்களும் ஒரு மாலை கஹ்வா என்ற அரபுக் காப்பி குடிக்க வருகிறோம் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீடெல்லாம் ஊத் என்னும் அகில் புகை போட்டு வைத்தாள்.

அன்று பார்த்துத்தான், அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, அஃப்ரா வந்தாள். ஒரு கையில் ஹரீஸ் என்ற கோதுமை-இறைச்சிக் கஞ்சிச் சட்டி, மறு கையில் கருவாட்டுப் பை.

"ஏண்டி ஹெஸ்ஸா, உன்னப் பாக்க வரதுக்கே விசா எடுக்கணும் போலிருக்கு. முக்கா மணி நேரமா அந்தக் காவக்காரன் என்னை வெயில்ல நிக்க வச்சுட்டான்." சோபாவில் சாய்ந்துகொண்டு மற்றவர்களைப் பார்த்தாள். "இவ சின்னப் புள்ளையில எங்க ஆட்டு மடியில நேரா வாய வச்சுப் பால் குடிப்பா. ஆடே இவளக் கண்டா ஓடும்."

வந்திருந்தவர்கள் உதட்டளவில் சிரித்தார்கள். ஊத் வாசனையைக் கருவாடு மீறியது. ஹெஸ்ஸாவுக்குக் காது சுட்டது.

"அத அடுப்படியில வச்சுட்டு வாயேன்" என்றாள். அஃப்ரா உள்ளே போனாள்.

"யாரு இது?" என்று கேட்டாள் உம் காலித்.

"முன்னாடி எங்க வீட்டுல வேலை பாத்தவ. பாவம், அப்பப்ப வருவா."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அஃப்ரா கதவருகே நிற்கிறாள்.

அவள் உள்ளே வந்தாள். கஹ்வா கூஜாவை இடக்கையில் எடுத்தாள். நின்றபடியே, வேலைக்காரி ஊற்றுகிற முறைப்படி, ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். போதும் என்று அவர்கள் கிண்ணத்தை அசைக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டாள். கடைசியாக ஹெஸ்ஸாவிடம் வந்தாள்.

"வேற ஏதாவது வேணுமா, உம் சயீத்?"

ஐம்பது வருடத்தில் அவள் அப்படி மகன் பேரைச் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை. அப்போதே எழுந்து கையைப் பிடித்திருக்கலாம். உம் காலித் ஏதோ தோட்டக்காரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெஸ்ஸா கிண்ணத்தை அசைத்தாள்.

ஒன்பது நாள் கழித்து சத்வாவுக்குப் போனாள். அஃப்ரா வாசல்வரை வந்து வரவேற்றாள். உள்ளே நல்ல திண்டாகப் பார்த்துப் போட்டு உட்கார வைத்தாள்.

"வாங்க, உம் சயீத். எங்க வீடு தேடி வந்தது சந்தோஷம்."

"என்னைத் திட்டுடி அஃப்ரா. ரெண்டு அறை வேணாலும் குடு."

"விருந்தாளிகிட்ட அப்படியெல்லாம் பேசுவாங்களா? பேரீச்சம்பழம் எடுத்துக்குங்க."

"அன்னிக்கு வாய் தவறிடுச்சுடி."

"பழம் இந்த வருஷத்தது. சயீது நல்லா இருக்கானா?"

மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள் ஹெஸ்ஸா. மூன்று முறையும் பழத்தட்டுதான் முன்னால் நகர்ந்து வந்தது.

அந்த வருடமே உம் காலித் அதைவிடப் பெரிய இடத்துக்குக் குடிபோய்விட்டாள்; சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஹெஸ்ஸா ஒவ்வொரு பெருநாளுக்கும் சத்வா போய் வருகிறாள். உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை. காரின் கதவைத் திறந்து ஏற்றிவிட்டு, வண்டி திரும்பும்வரை அஃப்ரா நிற்கிறாள். ஒருமுறையாவது தவறிப்போய் 'ஏண்டி' என்று வந்துவிடாதா என்று ஹெஸ்ஸா கண்ணாடியை இறக்கியே வைத்திருக்கிறாள்.