ஆமை விளக்கு

பாம்பன் பாலத்தை, படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வீட்டு வண்டி முக்கால் மணி நேரம் ஊர்ந்து கடந்தது. பின்னால் வந்த மீன் லாரிக்காரர்கள் திட்டிய திட்டு கடலுக்கே கேட்டிருக்கும். வண்டியின் இரு பக்கமும் ஆமைப் படங்கள். ‘பாதி பெட்ரோல், பாதி பேட்டரி, முழு மனசும் கடல்’ என்று கொட்டை எழுத்து.

பாலம் தாண்டி, மெக்கானிக் வசீமின் பட்டறை முன் இறங்கியவர் பாண்டீஸ்வரன். பிறந்தது முதுகுளத்தூர், இருப்பது சென்னை, தொழில் கடலை நேசிப்பது. வண்டி ஒரு கம்பெனியுடையது. நான்கு மணிக்குத் தனுஷ்கோடியில் கடலிலிருந்து எடுத்த குப்பையோடு நேரலையில் பேசினால் வண்டி அவருக்கே சொந்தம். தவறினால் சாவியைத் திருப்பித் தரவேண்டும். மணி இரண்டரை.

ஷார்ஜாவில் எட்டு வருடம் ஹைபிரிட் டாக்சிகளைப் பிரித்து மாட்டியவன் வசீம். டேஷ்போர்டில் மஞ்சளாக ஓர் ஆமை, பக்கத்தில் சிவப்பு முக்கோணம்.

“இந்த ஆமை எப்பருந்துண்ணே எரியுது?”

“நேத்து சாயங்காலத்துல இருந்து. அது இயற்கைக்கு நோகாம மெதுவாப் போற மோடு தம்பி. அதப் பத்தி ஒரு வீடியோவே போட்டிருக்கேன்.”

“ஒம்பதாயிரம் லைக்,” என்றாள் கேமராவும் கையுமாக நின்ற அவர் மனைவி பூங்கோதை.

“அண்ணே, வண்டிக்கு மூச்சு முட்டுது. அதான் அந்த ஆமை.” ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். “பேட்டரி கொதிக்குது. பின் கதவத் தொறங்க.”

திறந்ததும் வசீம் இரண்டடி பின்வாங்கினான். ராமேஸ்வரத்தில் நீராடியவர்கள் கடலோடு விட்டுப்போன துணிகள், இரண்டு சாக்கு. நேற்றுப் படம் பிடிப்பதற்காகப் பொறுக்கியவை. இரவு முழுக்க வண்டி பூட்டிக் கிடக்க, வீட்டு வண்டிக்காரர் மண்டபத்தில் ஏசி அறையில் தூங்கியிருக்கிறார். புளித்த உப்பும், யார் யாரோ உடுத்திய உள்ளாடையும், செத்த நண்டும் சேர்ந்த நாற்றம். சாக்கிலிருந்து பழுப்பாக ஏதோ ஒழுகி, பின்சீட்டுக்குக் கீழே பேட்டரிக்குக் காற்று போகும் சல்லடையில் வடிந்திருந்தது. வசீம் விரலை விட்டு இழுத்தான். மயிர்க்கற்றை ஒன்று பிசுபிசுவென்று முழ நீளத்துக்கு வந்தது.

“தூ! பேட்டரி மூக்குலயாண்ணே இத அடைச்சு வச்சிருக்கீங்க?”

“காத்து நல்லா இழுத்துச்சு தம்பி. ஈரம் காயும்னு வச்சேன்.”

“சாக்கு உள்ள இருந்தா வண்டி ஓடாது.”

“சாக்கு இல்லாட்டி வண்டியே இல்ல தம்பி.”

“அப்ப மேல கட்டுங்க.”

“மேல சோலார் பலகை. மறைச்சா கம்பெனிக்காரன் கோவிப்பான்.”

வசீம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சல்லடையைக் கழற்றிக் கழுவினான். ஆமையும் முக்கோணமும் அணைந்தன. “ஈரமா எதையும் அங்கன வைக்காதீங்க. மறுபடி ஆமை வந்தா அந்த எடத்துலயே நிப்பாட்டிருங்க.”

ரசிகனிடம் தலையசைப்பதைப் போல் தலையசைத்துவிட்டுப் பாண்டீஸ்வரன் ஏறினார். சாக்குகள் பட்டறை வாசலிலேயே கிடந்தன. “சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன். கடல்ல வேற குப்பை கிடைக்காமலா போகும்?”

நான்கு மணிக்கு வசீம் செல்போனில் நேரலையைப் பார்த்தான். பாண்டீஸ்வரன் கடலிலிருந்து ஒரு வேட்டியை மீட்டார். மத்தியானம் அவர் கட்டியிருந்த அதே வேட்டி. அடுத்து மீண்டது பட்டறைக்குப் பூங்கோதை உடுத்தி வந்த பச்சைச் சேலை. சொட்டச் சொட்ட இரண்டையும் பின்சீட்டுக்குக் கீழே திணித்தார். வண்டி அவருக்கே என்று அறிவித்தார்கள், கைதட்டல். கம்பெனிக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். சிறிது நேரத்தில் கேமரா டேஷ்போர்டுக்குத் திரும்பியது.

“பாருங்க நண்பர்களே, இந்த வண்டிக்கே ஆமை மேல எவ்வளவு பாசம்!”

சிவப்பு முக்கோணமும் எரிந்தது. நேரலை அறுந்தது. இரண்டாவது நிமிடம் வசீமின் செல்போன் அடித்தது.

“தம்பி, நட்டநடு ரோட்டுல நின்னுருச்சு. அந்த ஆமை...”

“பாசம்ணே. கொஞ்சிக்கிட்டு இருங்க.”

சாக்குகளில் ஈ மொய்த்தது. வசீம் நான்காவது தடவையாகக் கையில் சோப்பைப் போட்டான்.