பசை காயும்வரை

மாதா சப்பரத்தை நான் சாய்த்தபோது குடித்திருக்கவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் இதை நம்பக்கூடியவள் மாதா ஒருத்திதான். அவளும் சாட்சி சொல்ல வரவில்லை.

மயிலாப்பூரில் திருநாள் மாலை. முன்வரிசையில் தோள் கொடுத்திருந்தேன். சப்பரம் தூக்குகிறவன் கண்ணைத் திறந்துவைத்து, மற்றவர்களோடு ஒரே காலடியாக நடக்கவேண்டும். ஜெபம் பின்னால் வருகிறவர்களின் வேலை. சைக்கிள் கடை முக்கு வந்தது. நான் கண்ணை இறுக மூடி, ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்தேன். தெரு திரும்பியது, நான் திரும்பவில்லை. சாய்ந்த மாதாவைக் கூட நடந்துவந்த அகஸ்டின் பாய்ந்து பிடித்தான். ஓரத்தில் நின்ற தேவதூதனை, அந்த மரச் சம்மனசைப் பிடிக்கத்தான் ஆளில்லை. இறக்கை முறிந்து சாக்கடையோரம் கிடந்தது.

“இன்னா காஸ்பரு, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?” என்றான் அகஸ்டின்.

என் மனைவி மர்சலின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் என் வாயை முகர்ந்தாள். “இல்ல, குடிக்கல” என்றாள். குரலில்தான் சந்தோஷம் இல்லை.

அதுதான் எனக்கு விளங்காத சங்கதி. எங்கள் மகன் லூயிஸ் பர்மா சண்டையில் செத்துப்போனான். அன்று குடிக்க ஆரம்பித்தவன், மதுவிலக்கு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் சர்க்காரை முந்திக்கொண்டு நிறுத்தினேன். சாராயம் காலி செய்த இடத்தில் ஜெபமாலை குடிவந்தது. காலையில் பூசை, மாலையில் நவநாள். இடையில் மர்சலின், “ஏங்க, நம்ம லூயிசு...” என்று வாயெடுத்தால் உடனே முழங்காலில் விழுந்துவிடுவேன். ஒருவன் ஜெபம் செய்யும்போது அவள் குறுக்கிடமாட்டாள். அப்படி வளர்ந்தவள்.

திருநாளுக்கு முந்தின வாரம் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அடையாற்றில் தங்கை ஐரின் வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது வருவாய் என்றேன். “பாக்கலாம்” என்றாள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று சாமியாரிடம் கேட்டேன், ஆண்டவருக்கே வெளிச்சம் என்றார். டாக்டர், பித்தமாக இருக்கும் என்றார்.

திருநாளுக்கு மறுநாள் காலை. சம்மனசை வீட்டுக்குக் கொண்டுவந்து, பசை காய்ச்சித் தடவி, இறக்கையை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசை காயும்வரை கையை எடுக்கக்கூடாது. மர்சலின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஜெபமாலையோ சட்டைப்பையில். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

“அந்த முக்குல எதுக்குக் கண்ண மூடினீங்க?”

“பக்தி.”

“அங்கதான் அவன் வாடகை சைக்கிள் ஓட்டக் கத்துக்கினான். பின்னாலயே புடிச்சிக்கினு ஓடினது நீங்க.”

என் உதடுகள் தாமாக அசைந்தன. ‘அருள் நிறைந்த...’

“மாதா கொஞ்சம் காத்துக்கினு இருப்பாங்க. அவங்களும் புள்ளையப் பறிகுடுத்தவங்கதான்.”

 நான் இறக்கையை அழுத்திப் பிடித்தேன். தோளில் நேற்றைய வலி. அதற்குக் கீழே எங்கெல்லாமோ வலி.

“குடிய விட்டேன், மர்சலின். கோயிலே கதின்னு கெடக்கறேன். இன்னும் இன்னா செய்யணும்? நான் குடிச்சிக்கினு இருந்ததே தேவலன்னு தோணுதா உனக்கு?”

வாசலோரம் நின்ற பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆமா” என்றாள். “குடிச்சா அவன் பேரச் சொல்லி அழுவீங்க. கூட உக்காந்து நானும் அழுவேன். இப்ப நான் தனியா அழுவுறேன்.”