கூப்பிட்டால்தான் சேரலாம்

"ஒண்ணு கேக்கலாமாங்க?"

"கேளுங்களேன்."

"இந்த கிளப்புல மெம்பர் ஆகணும்னா என்ன பண்ணணும்?"

"நீங்களா ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள இருக்கிறவங்க யாராவது உங்களக் கூப்பிடணும். தானா வந்து கேக்கிறவங்கள எங்க தலைவர் சேக்க மாட்டார். கேக்கிறவனுக்கு ஏதோ ஆதாயம் வேணும்னு அர்த்தமாம்."

"அப்ப நான் எதுவுமே கேக்கலங்க. உங்க காதுலயும் எதுவும் விழல."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு முடிந்து போயிற்று.

மூன்று வருடங்களுக்கு முன், இப்படிக் கேட்ட சைக்கிள் கடைக்காரர் தன் அம்மாவுக்காகக் கிளப்பிலிருந்து வாங்கிப்போன சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வந்த நாள் அது. அம்மா இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. போகும்போது கீச்சுக் கீச்சென்று ஊரைக் கூட்டிய நாற்காலி, வரும்போது சத்தமே இல்லாமல் வந்தது. அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அதை வாங்கி வைத்த கிளப் உறுப்பினரான மருந்துக்கடைக்காரிக்கு, அவர் கைப்பிடியை விடாமல் நின்றதுதான் மனதில் பதிந்தது. "மூலைல இருக்கிற வண்டிக்குச் சக்கரம் கோணியிருக்கு. சனிக்கிழமை வந்து பாக்கட்டுமா?" என்றார். வாங்க என்றாள். அன்றிலிருந்து அவர் வராத சனிக்கிழமை கிடையாது.

ஊன்றுகோல், சக்கர நாற்காலி, முதுகைத் தூக்கி வைக்கும் கட்டில் என்று நோயாளி உள்ள வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கி அடுத்த வீட்டுக்கு அனுப்புவதுதான் அந்தச் சேவை கிளப்பின் வேலை. ஒரு பழைய அச்சகத்தின் பின்பகுதிதான் அலுவலகம். முன்னால் கூட்டம் நடக்கும் அறை, பின்னால் சாமான் அறை.

இந்த வருடம் தலைமை அலுவலகம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. பதினைந்து உறுப்பினர்கூட இல்லாத கிளப்புகளைப் பக்கத்து ஊர் கிளப்போடு சேர்த்துவிடுவார்களாம். சாமான்களும் அங்கே போய்விடும்.

"இடுப்பு ஒடிஞ்சவர் ஊன்றுகோல் வாங்க பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போவாரா?" என்று மருந்துக்கடைக்காரி கூட்டத்தில் பொரிந்து தள்ள, "அப்படின்னா நீயே ஆள் சேத்துக் காட்டும்மா" என்று பொறுப்பை அவள் தலையிலேயே கட்டிவிட்டார் தலைவர்.

செருப்புத் தேய நடந்தாள். ராத்திரி சாப்பாட்டு மேசையில் கால்களைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தவளை அண்ணி விடவில்லை.

"ஊருக்கெல்லாம் ஆள் பிடிக்கிற. உனக்குன்னு ஒரு ஆள் பிடிக்கச் சொன்னா மட்டும் ஸ்டாக் எடுக்கணும்னு கடைக்கு ஓடிடற."

"அண்ணி, ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நான் எங்க ஆரம்பிச்சேன்? சனிக்கிழமையானா தலைய ரெண்டு தடவ வாரிக்கிறது நீதானே!"

"மீட்டிங்குக்குப் போறப்ப பரட்டையாவா போக முடியும்?"

"அதானே? அந்த நாற்காலிங்களுக்கெல்லாம் கண்ணு தெரியுமே" என்று அண்ணி ரசத்தை ஊற்றினாள். அண்ணன் தட்டைப் பார்த்தே சிரித்தான்.

அவளை உண்மையில் யோசிக்க வைத்தவர் பேக்கரிக்காரர். போன வருடம் சேர்ந்தவர், பாதியில் நின்றுவிட்டார். ஏன் என்று கேட்கப் போனாள்.

"மொத மீட்டிங்ல கை தட்டுனீங்க. ரெண்டாவதுல ஓரமா உக்கார வச்சீங்க. மூணாவதுக்கு நான் வரல. யாராவது தேடுறாங்களான்னு பாத்தேன். இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க, அதுவும் ஆள் குறையுதுன்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள்.

"மத்தியானம் இந்த வேன் சும்மாதானே நிக்குது? ஒரு கட்டிலக் கொண்டு போய் இறக்கணும். வருவீங்களா?"

வந்தார். மூன்றாவது மாடிக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், படுத்திருந்தவரின் மகள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கியவர், "அடுத்தது எப்ப?" என்று கேட்டார். அடுத்த வாரம் தன் மைத்துனரையும் இழுத்து வந்தார். அதன்பின் அவள் யாரையும் 'கிளப்பில் சேருங்கள்' என்று அழைக்கவில்லை. முதலில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டாள். வேலை பார்த்தவர்கள் தாங்களாகவே தங்கிவிட்டார்கள்.

ஆனாலும் கடைசிச் சனிக்கிழமை தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலைமை அலுவலகக் கணக்குப்படி நாம பதினாலு பேர்தான். கெடு இன்னைக்கு முடியுது."

"நான் எப்ப எண்ணினாலும் பதினஞ்சு தலை வருதே?" என்றார் பேக்கரிக்காரர்.

"கண்ணாடிய பாத்துட்டு உன்னையே ரெண்டு தடவ எண்ணியிருப்ப."

சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியும் போனது. மருந்துக்கடைக்காரி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். இத்தனை அலைந்தும் ஒரு ஆளில் எல்லாம் போகப்போகிறது. சாமான் அறையின் திறந்திருந்த கதவு வழியே சக்கர நாற்காலிகள் வரிசையாகத் தெரிந்தன. திங்கட்கிழமை லாரி வந்தால் அந்த அறை காலி.

"சரி, பக்கத்து ஊரோட சேர இஷ்டமில்லாதவங்க கை தூக்குங்க. அதையாவது எழுதி அனுப்புவோம்" என்றார் தலைவர்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. சாமான் அறை வாசலில் எண்ணெய்த் துணியோடு நின்ற சைக்கிள் கடைக்காரரின் கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஏம்பா, நீயே இப்படிப் பண்ணலாமா? இத்தன வருஷம் இந்த வண்டிங்களப் பிள்ள மாதிரி பாத்துட்டு, இப்ப கை தூக்க மாட்டேங்கிறியே!"

"நான் மெம்பர் இல்லீங்களே."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"என்னது? நீதானேயா இவரச் சேத்த?" என்று தலைவர் பொருளாளரைப் பார்த்தார்.

"நானா? நீங்க சேத்திருப்பீங்கன்னுல்ல இருந்தேன்!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர், "நான் சொன்னேன்ல, பதினஞ்சு தலைன்னு" என்று முணுமுணுத்தார்.

மருந்துக்கடைக்காரிக்குக் காது மடல் சூடேறியது. மூலையில் கோணலாக நின்ற வண்டி, கைப்பிடியை விடாத கை, 'நான் எதுவுமே கேக்கலங்க' என்ற சிரிப்பு. விளையாட்டுக்குச் சொன்னதாகவும், அப்புறம் யாராவது சேர்த்திருப்பார்கள் என்றும் அல்லவா நினைத்திருந்தாள்! கூப்பிடாததால் அவர் விலகியும் போகவில்லை, கேட்கக் கூடாது என்றதால் கேட்கவும் இல்லை. வாரம் தவறாமல் வந்து, கதவு நிலையைத் தாண்டாமல் நின்றிருக்கிறார்.

"முறைப்படி உள்ள இருக்கிற யாராவதுதான்..." என்று தலைவர் தலையைச் சொறிந்தார்.

அவள் சட்டென்று எழுந்தாள். வாயைத் திறப்பதற்குள், அவர் துணியை நாற்காலியின் கையில் போட்டுவிட்டு, நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். தலைவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"கேக்கக் கூடாதுன்னு தெரியும். ஆனா இன்னைக்குக் கேட்டுடறேங்க. என்னையும் உங்களோட சேத்துக்குங்க."