சேர்த்த சொல்

நவோஹோவா ஊரில் சனிக்கிழமை தோறும் காணாமல் போன பிள்ளைகளைத் தேடி மண்வெட்டியோடு காட்டுக்குப் போகும் தாய்மார், மற்ற நாட்களில் எங்கள் சங்க அலுவலகக் கணினியில் தேடுவார்கள். பெயர் தெரியாமல் பிணவறைக்கு வந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் ஓர் இணையதளத்தில் உண்டு. அதை அமைத்தவள் நான்.

செனோபியா அம்மா தன் மகனுக்காக ஏழு மாதமாக ஒரே வரியைத்தான் தட்டினார்: "எலிசேயோ. சிரிச்சா பல்லுல தங்க நட்சத்திரம் தெரியும்." எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அப்படிப் பல்லில் பதித்துக்கொள்வது ஒரு மோகம். ஆனால் மருத்துவர்கள் எழுதுவது "மேல் வெட்டுப்பல், உலோகப் பதிப்பு" என்று. எப்படிக் கிடைக்கும்?

அதனால், தேடுகிறவரின் சொல்லோடு அதன் பொருளையும் தளமே சேர்த்துக்கொள்ளும்படி மாற்றினேன். சேர்த்ததைத் திரையிலும் காட்டினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

மறுநாள் காலை அவர் தட்டியதும் முதலில் வந்த வரி: "இவற்றையும் தேடுகிறோம்: உலோகப் பதிப்பு, மண்டையோடு, எலும்பு."

கீழே என்ன வந்தது என்று பார்க்காமலே திரையை அணைத்துவிட்டார்.

"யாருடி இதச் சேர்த்தது?"

"நான்தாம்மா."

"நான் எம் புள்ளையத் தேடுறேன். எலும்பத் தேடிக் குடுன்னு உங்கிட்ட கேட்டனா?"

"அது இல்லாட்டி ஒண்ணும் கிடைக்காதும்மா."

"கிடைக்காமலே போவட்டும்!"

எங்கள் சங்கத்தில் யாரும் 'எலும்பு' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. தோண்டிய குழியருகே நின்றுகூட, "ஒருத்தர் கிடைச்சிருக்கார்" என்றுதான் சொல்வோம். தெரிந்தும் எழுதினேனே என்று எனக்கே அவமானமாக இருந்தது. திரையில் தெரியாதபடி அந்த வரியை எடுத்தேன். தேடலுக்குள் மட்டும் விட்டுவைத்தேன். அதையும் அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஐந்து நாள் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து, அதே வரியைத் தட்டினார். ஒரே ஒரு குறிப்பு வந்தது. படத்தில் ஒரு பல், தங்க நட்சத்திரம், ஒரு முனை உடைந்திருந்தது.

"சோளப்பொரி கடிச்சு உடைச்சான். அன்னிக்கு எவ்வளவு திட்டினேன்..."

"மரபணுச் சோதனை இன்னும் இருக்கும்மா" என்றேன்.

அவர் திரையை விரலால் தடவினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுதிக்கடி. நம்ம சங்கத்து ஒதிலியா, அவ புள்ளைய 'கால இழுத்து நடப்பான்'னு தேடுறா. அதுக்கு டாக்டருங்க என்ன எழுதுவாங்களோ, அதச் சேரு."

"சரிம்மா."

"அவ கண்ணுல மட்டும் காட்டிடாத."