சுவருக்குப் பின்னால் கைமாறிய மகுடம்

லண்டனில் அந்த நாடகக் குழுவிடம் ஒரே ஒரு மகுடம்தான் இருந்தது. தகரத்தில் அடித்துத் தங்கப்பூச்சு பூசியது. மேடையில் அதை அணிந்தவன் அரசன்; கழற்றினால் யாரோ ஒருவன்.

ஆம்புரோஸ் ஃபென்னர் பதினொரு வருடம் தூதனாகவும் பிணமாகவும் நடித்த பிறகு அரசனானான். தன் கையாலேயே மகுடத்தைக் கழற்றிப் பகைவனிடம் கொடுக்கும் அரசன். அந்தக் காட்சியில் அவனுக்கு நாற்பது வரிகள். தேம்ஸ் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்ததில் படகுக்காரர்களுக்கே பாதி மனப்பாடம்.

அரசாங்கத் தணிக்கையிலிருந்து திரும்பிய நாடகப் பிரதியில் நாற்பது வரிகளும் அடிக்கப்பட்டிருந்தன.

"ராஜாவக் கொல்றதுக்குத் தடையில்ல, மகுடத்தக் கழட்டுறதுக்குத் தடையா? இது என்ன நியாயம்ண்ணே?" என்றான் பகைவனாக நடிக்கும் ஹியூ பார்லோ.

"கொன்னா பாவம் கொன்னவனுக்குப் போயிரும். தானாக் கழட்டிக் குடுத்தா, ராஜாங்கிறதே கழட்டுற சாமான்னு ஆயிருமே. நம்ம ராணிக்கு வயசாச்சு, வாரிசும் இல்ல. மெல்லப் பேசு" என்றான் ஆம்புரோஸ்.

குழு ஒரு வழி செய்தது. மேடையின் பின்சுவரில் இரண்டு கதவுகள். இடக்கதவில் அரசன் மகுடத்தோடு உள்ளே போவான், எக்காளம் ஊதும், வலக்கதவில் பகைவன் மகுடத்தோடு வருவான். இடையில் நடந்ததை ஜனங்களே ஊகித்துக்கொள்வார்கள். ஆனால் இருப்பது ஒரே மகுடமாயிற்றே! சுவருக்குப் பின்னால் அது கைமாறித்தான் ஆகவேண்டும்.

முதல் நாள் பிற்பகல். ஆம்புரோஸ் உள்ளே வந்ததும் ஹியூ கை நீட்டினான். "குடுங்கண்ணே, ஊதப்போறாங்க!"

ஆம்புரோஸ் கொடுக்கவில்லை. அடிக்கப்பட்ட வரிகளைத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். "இதற்குள் இருப்பது என் தலையின் சூடு. ஆறுவதற்குள் அணிந்துகொள்."

"யோவ், பைத்தியமா உமக்கு?"

இரண்டாவது வரி வந்தது. ஒத்திகையில் பழகிய முழங்கால்கள் தாமாகவே மடங்க, ஹியூ மண்டியிட்டான். எக்காளம் ஊதியது. மூன்றாவது வரி. எக்காளம் கோபமாக மறுபடி ஊதியது. குனிந்த தலையில் ஆம்புரோஸ் மகுடத்தை வைத்தான். ஹியூ ஓடினான். சுவருக்கு அப்பால் ஜனங்கள் புது அரசனுக்கு ஆரவாரித்தார்கள்.

மகுடம் இழந்த அரசன் சிறையில் இருக்கும் அடுத்த காட்சிக்காக ஆம்புரோஸ் கதவருகே காத்திருந்தான். ஹியூ வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான்.

"நெசமாவே சூடா இருந்துச்சுண்ணே. அடுத்த செவ்வாய் திரும்ப இதே நாடகம்தான். நாலாவது வரியிலேர்ந்து ஆரம்பிங்க."

ஆம்புரோஸின் கை ஒருமுறை தலைக்குப் போய், வெறும் முடியைத் தொட்டுத் திரும்பியது. மிச்சமிருந்த முப்பத்தேழு வரிகளை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவன் வெளிச்சத்துக்குள் நடந்தான்.